மீட்ட மறுநாள் காலையில் எங்கே போகிறீர்கள்? வட மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்ட ஆட்சியர்களுக்கும், அங்குள்ள கோட்டாட்சியர்கள், சார் ஆட்சியர்களுக்கும்,

வணக்கம்.

நான் வருவாய்த் துறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். வட மாவட்டம் ஒன்றில்தான் முழு சர்வீஸும். பெயரும் ஊரும் போடாததற்குக் காரணம், நான் சொல்லப்போகிற குடும்பங்களை அதை வைத்து யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதுதான். முறைப்படி மனுவாகவே அனுப்பியிருக்கலாம். அது தபால் பிரிவில் ஒரு எண் வாங்கிக்கொண்டு, தொழிலாளர் துறைக்கு ஒரு நகல், பழங்குடியினர் நலத் துறைக்கு ஒரு நகல், "உரிய நடவடிக்கைக்கு" என்று ஒரு வரி, அதோடு தீர்ந்துவிடும். அந்த வரியை நானே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

விஷயம் கொத்தடிமைகள் பற்றியது, அதாவது ஆள்கடத்தல் பற்றியது. இரண்டையும் நம் அலுவலகங்களில் வேறு வேறாகத்தான் பார்க்கிறோம். ஆள்கடத்தல் என்றால் ராத்திரியில் வேனில் தூக்கிக்கொண்டு போவது, அதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். கொத்தடிமை என்றால் அட்வான்ஸ் வாங்கிய கூலிக்காரர், அதை ஆர்.டி.ஓ., அதாவது கோட்டாட்சியர், பார்த்துக்கொள்வார். ஆனால் 2013-ல் திருத்தப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370-வது பிரிவு (இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 143-வது பிரிவு) அப்படிப் பிரிக்கவே இல்லை. சுரண்டுவதற்காக ஒருவரை ஏமாற்றியோ மிரட்டியோ பணம் கொடுத்து மடக்கியோ ஆள் சேர்த்தால், ஏற்றிக்கொண்டு போனால், கொண்டுபோய் வைத்திருந்தால் அது ஆள்கடத்தல். அடிமைத்தனமும் அதைப் போன்ற பழக்கங்களும் சுரண்டல்தான் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அவரே சம்மதித்துத்தான் வந்தார் என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்றும் எழுதியிருக்கிறது. ஐப்பசி மழையில் வேலை இல்லாமல் குடிசைக்குள் கிடக்கும் குடும்பத்திடம் ஆள் பிடிக்கிற மேஸ்திரி பத்தாயிரம் ரூபாயை நீட்டிவிட்டு, பொங்கலுக்கு அப்புறம் குழந்தை குட்டியோடு செங்கல் சூளைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போவது இதில் எங்கே வருகிறது என்று நீங்களே பாருங்கள்.

சரி, நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

2000-களின் நடுவில் நான் வருவாய் ஆய்வாளர். ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு அரிசி ஆலைக்குப் போனோம். ஆர்.டி.ஓ. ஜீப், தாசில்தார் ஜீப், ஒரு போலீஸ் வேன், தொழிலாளர் துறை உதவி ஆய்வாளர், இரண்டு வி.ஏ.ஓ.க்கள், தகவல் கொடுத்த தொண்டு நிறுவனத்துக்காரர்கள். உள்ளே பதினோரு குடும்பம், எல்லோரும் இருளர் பழங்குடியினர். கேட்டுக்கு வெளியிலிருந்து பூட்டு. நெல்லை ஊறப்போட்டு, அவித்து, களத்தில் கொட்டிக் காலால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அவிக்கிற வேலை நடுராத்திரியில் தொடங்கும், காய்ச்சல் என்றாலும் நிற்காது. கடைக்குப் போவதென்றால்கூடக் குடும்பத்தில் ஒருவர்தான் போக முடியும், மற்றவர்கள் உள்ளே இருக்க வேண்டும். ஏழு வருடமாக உள்ளே இருந்த குடும்பம் ஒன்று, வாங்கிய முன்பணம் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். அங்கேயே பிறந்த ஒரு பையனுக்கு ஐந்து வயது. அவன் ஜீப்பைப் பார்த்து அழவில்லை, கேட் திறந்து கிடந்ததைப் பார்த்துத்தான் அழுதான். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அன்றைக்கு எல்லாம் எவ்வளவு அழகாக நடந்தது தெரியுமா? வேப்பமரத்தடியில் மேசை போட்டு ஒவ்வொருவரிடமும் வாக்குமூலம் வாங்கினோம். தாசில்தார் தன் பணத்தில் இட்லி வாங்கிக் கொடுத்தார். போலீஸ்காரர் ஒருவர் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். சாயங்காலத்துக்குள் ஆர்.டி.ஓ. கையெழுத்துப் போட்டு எல்லோருக்கும் விடுதலைச் சான்றிதழ் கொடுத்தார், சான்றிதழில் பெயர்களை எழுதியது நான். கையில் ஆளுக்கு ஆயிரம் ரூபாய். அப்போது திட்டத்தின்படி ஒருவருக்கு மறுவாழ்வுத் தொகை 20,000. அதில் உடனே கொடுப்பது இந்த ஆயிரம்தான். ராத்திரி லாரியில் ஏற்றி அவர்கள் சொந்தக்காரர்கள் இருந்த ஏரிக்கரைப் புறம்போக்கில் இறக்கிவிட்டோம். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் படுத்தபோது, இந்த உத்தியோகத்துக்கு வந்ததற்கு இன்றைக்குத்தான் அர்த்தம் கிடைத்தது என்று என் மனைவியிடம் சொன்னேன்.

மறுநாள் காலை எல்லோரும் அவரவர் வேலைக்குப் போய்விட்டோம்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். அந்த ஒரு நாள் வருவாய், காவல், தொழிலாளர் துறை என்று எல்லோரும் ஒரே வண்டியில் வந்தோம். மறுநாள் முதல் அது பதினோரு கோப்பாகி, ஐந்து அலுவலகத்துக்குப் போய்விட்டது. கோப்புகளை ஒன்றாகச் சேர்க்கிற வேலை யாருக்கு வந்தது? அந்தப் பதினோரு குடும்பத்துக்கு. எழுதப் படிக்கத் தெரியாத, ஏழு வருடம் கேட்டைத் தாண்டாத மனிதர்கள்தான் அரசாங்கத்தின் துறைகளை ஒருங்கிணைக்க வேண்டியவர்களாக ஆனார்கள்.

அவர்களில் ஒரு அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்துகொண்டே இருந்தார். மீதி 19,000 ரூபாய்க்கு. வங்கிக் கணக்கு கொண்டு வா என்றோம். வங்கியில் ரேஷன் கார்டு கேட்டார்கள். கார்டுக்கு விலாசம் கேட்டார்கள். ஏரிப் புறம்போக்குக்கு விலாசம் கிடையாது, அதனால் வீட்டுமனைப் பட்டாவுக்கு மனுப்போடச் சொன்னார்கள். பட்டாவுக்குச் சாதிச் சான்று கேட்டார்கள். பழங்குடி சாதிச் சான்று கொடுக்கிற அதிகாரம் தாசில்தாருக்கு இல்லை, ஆர்.டி.ஓ.வுக்கு. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில், அப்பா அம்மாவின் சாதிச் சான்று எங்கே என்று கேட்டார்கள். அவருடைய அப்பா அம்மா ஒரு வேலிகாத்தான் கரிமூட்டத்தில் வேலை செய்து அங்கேயே செத்துப்போனவர்கள்.

விடுதலைச் சான்றிதழில் "இருளர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் ஆர்.டி.ஓ.தான் என்பதைக் கவனியுங்கள். அதே நாற்காலி, அதே பச்சை மை. கொத்தடிமை என்று சொல்லும்போது இருளராகத் தெரிந்தவர், சான்று கேட்டு வரும்போது யாரென்று தெரியாமல் போய்விட்டார்.

பதினான்கு மாதம் கழித்துப் பணம் வந்தது. வி.ஏ.ஓ.வை ஏரிக்கரைக்கு அனுப்பினோம். ஏழு குடும்பம் அங்கே இல்லை. ஒரு சாவு விழுந்திருக்கிறது, அடக்கம் செய்யக் காசு இல்லை, சவுக்கு வெட்டுகிற கான்ட்ராக்டர் ஒருவரிடம் மூவாயிரம் வாங்கிக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள். எந்த ஊர் என்று பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. "பயனாளிகள் மேற்படி முகவரியில் வசிக்கவில்லை, எனவே தொகை கருவூலத்தில் திரும்பச் செலுத்தப்படுகிறது" என்று குறிப்பு எழுதினேன். நல்ல கையெழுத்தில் எழுதினேன். ஏழு குடும்பத்தை மறுபடி அதே இடத்துக்கு அனுப்பிவிட்டோம் என்பதை அந்த ஒரு வரியில் எழுதியிருக்கிறேன் என்று தெரிய எனக்குப் பல வருடம் ஆனது. இன்னும் அந்த வரி கண்ணுக்குள் நிற்கிறது.

இது பழைய கதை, இப்போது எல்லாம் மாறிவிட்டது என்று யாராவது சொல்லலாம். மாறியது உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். 2016-ல் மத்திய அரசு திட்டத்தை மாற்றியது. மறுவாழ்வுத் தொகை ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், பாலியல் சுரண்டல், ஆள்கடத்தல் போன்ற கொடுமையான நிலையில் இருந்தவர்களுக்கு மூன்று லட்சம். உடனடி உதவி இப்போது 30,000 ரூபாய். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் கையில் குறைந்தது 10 லட்சம் ரூபாய் நிரந்தர நிதி இருக்க வேண்டும், டெல்லியிலிருந்து வரும்வரை காத்திருக்காமல் அதிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 10 லட்சம் என்பது 33 பேருக்கான உடனடி உதவி. ஒரு பெரிய சூளையில் பெரியவர்களும் குழந்தைகளுமாக அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். செலவானதை மறுபடி நிரப்பினார்களா என்று உங்கள் மாவட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

அந்த ஒரு லட்சம், இரண்டு லட்சம் முழுசாகக் கைக்கு வருவது வழக்கோடு கட்டப்பட்டிருக்கிறது. இங்கேதான் அடுத்த ஓட்டை. ஆர்.டி.ஓ. விசாரித்து, இவர்கள் கொத்தடிமைகள் என்று முடிவுக்கு வந்து சான்றிதழ் கொடுக்கிறார். அதே சம்பவத்தில் காவல் நிலையத்தில் பதிவாகிற வழக்கு பல நேரம் 1976-ம் ஆண்டு கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தில் மட்டும். அதில் அதிகபட்சத் தண்டனை மூன்று வருடம், அபராதம் 2,000 ரூபாய் வரை, ஜாமீனில் வந்துவிடலாம். 143-வது பிரிவில் ஒருவரைக் கடத்தியதற்கே குறைந்தது ஏழு வருடம், ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் என்றால் குறைந்தது பத்து. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் கொத்தடிமையாக வைத்திருப்பது குற்றம். இந்தப் பிரிவுகளைப் போடலாமா வேண்டாமா என்று ஸ்டேஷனில் தனியாக ஒரு எஸ்.ஐ. முடிவெடுக்கிறார், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வாக்குமூலம் வாங்கியவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமலே. மாவட்டத்தில் ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. என் சர்வீஸில் அந்தப் பிரிவின் ஆய்வாளரைக் கொத்தடிமை ஒழிப்புக் கூட்டத்தில் நான் பார்த்தது ஒரே ஒரு முறை, அன்றைக்கு அவர் வேறு கூட்டம் என்று நினைத்து வந்திருந்தார்.

வழக்கு நடக்கும்போது சாட்சி சொல்ல வேண்டியவர் எங்கே இருப்பார்? மறுபடி ஏதாவது ஒரு கரும்பு வெட்டில் இருப்பார். சம்மன் ஏரிக்கரைக்குப் போய்த் திரும்பி வரும். முதலாளி விடுதலையாகிவிடுவார். தண்டனை இல்லாததால் மீதித் தொகையும் இழுத்துக்கொண்டே போகும். மறுவாழ்வு கிடைக்காததால் சாட்சி இல்லை, சாட்சி இல்லாததால் தண்டனை இல்லை, தண்டனை இல்லாததால் மறுவாழ்வு இல்லை. இதைக் கடக்க ஒரே வழி, அந்தக் குடும்பத்தை ஊரிலேயே நிற்க வைப்பது. ரேஷன் அரிசி, வேலை, தலைக்கு மேல் ஒரு கூரை. அது போலீஸ் வேலை கிடையாது என்று போலீஸும், வழக்கு எங்கள் வேலை கிடையாது என்று நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சட்டத்தை எழுதியவர்கள் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. அந்த 1976-ம் ஆண்டுச் சட்டத்தின் 13, 14-வது பிரிவுகளைப் படியுங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் கோட்டத்திலும் கண்காணிப்புக் குழு. ஆட்சியர் தலைவர். பட்டியல் சாதி, பழங்குடியிலிருந்து மூன்று பேர், சமூக சேவை செய்கிறவர்கள் இரண்டு பேர், ஊரக வளர்ச்சியிலிருந்து, வங்கியிலிருந்து ஆட்கள். விடுவிக்கப்பட்டவர்களின் மறுவாழ்வு, அவர்களுக்கு வங்கிக் கடன் போய்ச் சேர வைப்பது, கடனைக் கேட்டு அவர்கள்மேல் யாராவது வழக்குப் போட்டால் அவர்களுக்காக நின்று வாதாடுவது, எல்லாம் அந்தக் குழுவின் கடமை. ஐம்பது வருடத்துக்கு முன்னால் எழுதியது இது. ஒருங்கிணைப்புக்குப் புதிதாக ஒரு கமிட்டியோ மென்பொருளோ கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் அந்தக் குழு எப்படிக் கூடுகிறது? மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பல நேரம் அதுவும் இல்லாமல், கூட்ட அரங்கில், வேறு இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் இருபது நிமிடம். டீ, பிஸ்கட், "இம்மாவட்டத்தில் கொத்தடிமைகள் எவரும் இல்லை" என்று அறிக்கை. அந்த மூன்று பேர் யார்? அரசியல் கட்சிக்காரர் சொல்லிப் போட்ட ஆட்கள். ஏழு வருடம் கேட்டுக்குள் இருந்து வெளியே வந்தவர் ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன? எந்த மேஸ்திரி எந்த மாதம் எந்தக் கிராமத்துக்கு வருவான், எந்த ஆலையில் ராத்திரி லைட் எரிகிறது என்று அவர் சொல்கிற மாதிரி எந்த வருவாய் ஆய்வாளரும் சொல்ல முடியாது. மீட்கப்பட்டவர்களே சேர்ந்து சங்கம் வைத்து, மற்றவர்களை மீட்கத் தகவல் கொடுக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களைத் தகவலுக்கு மட்டும் கூப்பிடாதீர்கள், முடிவெடுக்கிற இடத்துக்கும் கூப்பிடுங்கள்.

15-வது பிரிவையும் சொல்ல வேண்டும், அதை மதிக்கிற அதிகாரிகளை நான் குறைவாகத்தான் பார்த்தேன். இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. ஆனால் மேசைக்கு முன்னால் நடப்பது தலைகீழ். "சங்கிலி போட்டாங்களா? அடிச்சாங்களா? தீபாவளிக்கு ஊருக்கு விட்டாங்களா? விட்டாங்கன்னா நீ எப்படிக் கொத்தடிமை?" நானே கேட்டிருக்கிறேன். ஊருக்கு விட்டார்கள்தான், பொண்டாட்டி பிள்ளையை அங்கேயே வைத்துக்கொண்டு. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்கினால் அதுவே கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. கட்டாய உழைப்பு என்று தெரிந்தால் அது முன்பணத்துக்காகத்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் அடுத்த வழக்கில் சொல்லிவிட்டது. விடுவித்துவிட்டு மறுவாழ்வு கொடுக்காமல் விட்டால் மறுபடி அங்கேயேதான் போவார்கள் என்று 1984-ல் மத்தியப் பிரதேச வழக்கிலும் எச்சரித்தது. எல்லாமே சொல்லப்பட்டுவிட்டது. நம் மேசைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

2019 ஜூலையில் வந்த அந்தப் புகைப்படம் உங்களுக்கு நினைவிருக்கும். காஞ்சிபுரம் பக்கம் மரம் வெட்டுகிற இடத்திலிருந்து மீட்கப்பட்ட வயதான ஒருவர், மீட்க வந்த அதிகாரியின் காலில் விழுந்து கும்பிடுகிறார். அவர் வாங்கியிருந்த கடன் ஆயிரம் ரூபாய் என்று செய்தியில் வந்தது. அன்றைக்குக் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் குழந்தைகளும் சேர்த்து 42 பேரை மீட்டார்கள். நாடு முழுக்க அந்தப் படத்தைப் பார்த்து அழுதது. அந்த 42 பேரில் எத்தனை பேருக்கு என்னென்ன கிடைத்தது, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று ஒரே தாளில் எழுதி வைத்திருக்கிற அலுவலகம் ஒன்றாவது இருக்க வேண்டும். இருந்தால் அதை எல்லோருக்கும் காட்டுங்கள், மற்ற மாவட்டங்கள் கற்றுக்கொள்ளட்டும்.

மாநில எல்லை வந்துவிட்டால் இன்னும் மோசம். 2025-ல் நடந்ததை நினைத்தால் இப்போதும் தூக்கம் போகிறது. ஆந்திராவின் சத்தியவேடு பக்கத்து யானாதி பழங்குடிக் குடும்பம், வாத்து மேய்க்கிற ஒருவரிடம் வாங்கிய கடனுக்காக ஒன்பது வயசுப் பையனை அவரிடம் விட்டிருக்கிறது. அம்மா பணத்தோடு போய்க் கேட்டபோது பையன் ஓடிப்போய்விட்டான் என்றார்கள். கடைசியில் காஞ்சிபுரத்தில் பாலாற்றுக் கரையோரம் புதைத்த இடத்திலிருந்து எடுத்தார்கள். கடன் வாங்கியது ஆந்திராவில், புதைத்தது தமிழ்நாட்டில். இரண்டு மாநிலத்திலும் கண்காணிப்புக் குழு, ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவு, குழந்தைகள் நலக் குழு, எல்லாம் காகிதத்தில் உண்டு. வயல்வெளியில் பள்ளிக்கூட நேரத்தில் ஒரு சின்னப் பையன் வாத்துக் கூட்டத்துக்குப் பின்னால் குச்சியோடு போவதை எத்தனை பேர் பார்த்திருப்போம், ஒருவராவது நின்று நீ யார் பையன் என்று கேட்டோமா?

ஒடிசாக்காரர்கள் கதையும் இதேதான். பலாங்கிர், நுவாபடா பக்கத்திலிருந்து தரகர்கள் முன்பணம் கொடுத்துத் திருவள்ளூர் சூளைகளுக்குக் கூட்டி வருகிறார்கள். 2011-ல் ஒரே சூளையிலிருந்து 500 பேருக்கு மேல் மீட்கப்பட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கல் அறுக்க ஆரம்பிக்க வேண்டும், அப்பா மண் குழைக்க, அம்மா அச்சில் போட, பிள்ளைகள் கல்லைத் திருப்பி வைக்க, கூலி மட்டும் குடும்பத்துக்கே ஒன்றாக ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. இவர்களை மீட்டதும் ரயில் ஏற்றி அனுப்பிவிடுகிறோம். கையில் நாம் கொடுத்த சான்றிதழ். அதை எடுத்துக்கொண்டு அவர்கள் ஊர் அலுவலகத்துக்குப் போனால், இது எங்கள் ஊரில் நடந்ததில்லை என்று சொல்கிற அதிகாரியைக் குறை சொல்லி என்ன பயன்? ரயில் கிளம்புவதற்கு முன்னால் இந்த ஆட்சியர் அந்த ஆட்சியருக்கு ஒரு போன் போட்டு, பெயர்ப் பட்டியலை அனுப்பி, ஸ்டேஷனில் யாராவது நிற்கச் சொன்னால் அதுதான் ஒருங்கிணைப்பு. இதற்கு அரசாணை வேண்டியதில்லை.

நான் உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த விடியற்காலை ஒரே வண்டியில் வந்தோமே, அந்தக் குழுவை மறுநாள் கலைக்காதீர்கள். இரண்டு வருடம் அப்படியே வைத்திருங்கள். அதில் ஒருவரை, ஒரே ஒருவரை, பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள், அவருடைய போன் நம்பர் அந்தப் பதினோரு குடும்பத்தின் கையிலும் இருக்கட்டும். அவர் மாற்றலாகிப் போனால் சார்ஜ் கொடுக்கும்போது இந்தக் குடும்பங்களையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகட்டும். ஜீப்பு, நாற்காலி, அலமாரி எல்லாம் எண்ணிக் கொடுக்கிறோம் இல்லையா?

அப்புறம் அந்த வேப்பமரத்தடி மேசை. அங்கேயே விடுதலைச் சான்றிதழோடு சாதிச் சான்றுக்கான விசாரணையையும் ஆர்.டி.ஓ. முடித்துவிடலாம். ஆதாரும் வங்கிக் கணக்கும் அங்கேயே திறக்கலாம், வங்கி மேலாளரைக் கூப்பிட்டால் வருவார், நீங்கள் கூப்பிட்டால் யார் வர மாட்டேன் என்கிறார்கள்? வழக்குப் பதிவு செய்கிற அதிகாரியும் அரசு வழக்கறிஞரும் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு எந்தெந்தப் பிரிவு என்று அன்றைக்கே பேசி முடிவெடுக்கலாம். வாக்குமூலம் வாங்கும்போது முதலாளியோ அவர் ஆளோ கண்ணில் படுகிற தூரத்தில் நிற்கக் கூடாது, இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் நின்றிருக்கிறார்கள், நாங்கள் அவர் வாங்கிக் கொடுத்த கூல்டிரிங்க்ஸ் குடித்திருக்கிறோம்.

குடும்பங்களை எங்கே இறக்கிவிடுகிறோம் என்பதையும் யோசியுங்கள். புறம்போக்கில் இறக்கிவிட்டு வந்தால் அடுத்த மழைக்கு மேஸ்திரி வருவான். முதல் ஆறு மாதம்தான் எல்லாம். அந்த ஆறு மாதத்தில் ஒரு சாவோ பிரசவமோ வந்தால் மூவாயிரம் ரூபாய்க்கு யாரிடம் போவார்கள் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருந்தால், மீதியெல்லாம் மெதுவாக வந்தால்கூடப் பரவாயில்லை. நூறு நாள் வேலை அட்டை, ரேஷன் கார்டு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், இவை உடனே. அந்த ஐந்து வயசுப் பையன் கேட் திறந்திருந்ததைப் பார்த்து ஏன் அழுதான் என்று இப்போது எனக்குத் தெரியும். அதற்கு வெளியே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அதைச் சொல்லிக் கொடுக்கிற ஒரு ஆளாவது கூட நிற்க வேண்டும். இந்த வேலையைத் தொண்டு நிறுவனங்கள் செய்துகொண்டிருக்கின்றன, நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அது அரசாங்கத்தின் வேலை, சட்டம் ஆட்சியர் பெயரைத்தான் எழுதியிருக்கிறது.

2016-ல் மத்திய அரசு ஒரு இலக்குச் சொன்னது, 2030-க்குள் 1 கோடியே 84 லட்சம் பேரை மீட்போம் என்று. 1978 முதல் நாற்பது வருடத்துக்கு மேலாக நாடு முழுக்க மறுவாழ்வு பெற்றவர்களாகக் கணக்கில் வருவது சுமார் 3 லட்சம் பேர். அந்தக் கணக்கில் எங்கள் பதினோரு குடும்பத்தில் பணம் வாங்கிய நான்கு குடும்பமும் இருக்கும். போய்விட்ட ஏழு குடும்பம் எந்தக் கணக்கிலும் இருக்காது.

ஒவ்வொரு பிப்ரவரி 9-ம் தேதியும் அலுவலகங்களில் நின்று கொத்தடிமை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறோம். நானும் வராண்டாவில் கை நீட்டி நின்று எடுத்தவன். வரப்போகிற பிப்ரவரி 9 அன்றைக்கு, உறுதிமொழி படித்து முடித்ததும், உங்கள் கோட்டாட்சியர்களிடம் ஒன்று கேளுங்கள். கடந்த ஐந்து வருடத்தில் விடுதலைச் சான்றிதழ் கொடுத்தவர்களின் பட்டியலைக் கொண்டு வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே இன்றைக்கு எங்கே இருக்கிறார் என்று எழுதச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதட்டும். அந்தப் பெயர்களிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாளில், வேறு ஒரு வேலையாக ஆட்சியர் அலுவலகம் போயிருந்தேன். வரிசையில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். நான்தான் முதலில் அடையாளம் கண்டேன். சவுக்கு வெட்டிலிருந்து எப்படி வந்தார், நடுவில் எத்தனை இடம், அதையெல்லாம் அவர் சொன்னார், இங்கே எழுத முடியாது. பேத்தி பத்தாவது முடித்துவிட்டாள், மேலே படிக்கச் சாதிச் சான்று வேண்டும், நான்காவது தடவை மனு. பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். மடித்து மடித்து நடுவில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. அந்த விடுதலைச் சான்றிதழ். என் கையெழுத்தில் அவர் பெயர், அதற்குப் பக்கத்தில் "இருளர்".

"சார், இது இன்னும் செல்லுமா?" என்று கேட்டார்.

செல்லும் அம்மா என்று சொல்லி வரிசையில் கூட நின்றேன். மனுவை வாங்கி எண் போட்டுக் கொடுத்தார்கள். இதை எழுதுகிற இன்று வரை சான்று வரவில்லை. மனு எண் என்னிடம் இருக்கிறது, உங்களில் யார் கேட்டாலும் கொண்டு வந்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற துணை வட்டாட்சியர் ஒருவர்